ஐந்தாவது மேலங்கி

மருத்துவமனையின் பதிவு முகப்பில் அமர்ந்திருந்த பெண், கணினித் திரையை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் நோக்கினாள். பின்னர்த் தன் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் தோன்றிய அச்சத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். என் இரத்தத்தில் ஏதோ கொடிய நோய் தென்பட்டுவிட்டது போலும் என எண்ணி, அருகில் நின்ற தம்பி மனைவியின் கையைப் பற்றினேன்.

"நீங்க இறந்துட்டதா வருதுங்க," என்றாள் அவள்.

சொற்கள் விளங்கின, பொருள் விளங்கவில்லை. எப்போது என்று வினவினேன். அஃது எத்துணை அறிவீனமான வினா என்பதை நான் உணருமுன்பே, மூன்றாம் ஆண்டு நடக்கிறது என்று அவள் விடை கூறினாள். அதைக் கூறும்போது துக்கம் விசாரிப்பவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ஓரடி விலகி நின்றார்.

தம்பி மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப இத்தனை நாளா நான் யார்கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்?"

நான் அன்று அங்கே சென்றது என் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்பிக்குக் கொடுப்பதற்காக. தம்பி கடிகாரம் பழுதுபார்ப்பவன். அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு உயிர் தரித்திருந்தான். எனது சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று மருத்துவர்கள் உறுதி கூறியிருந்தனர். எஞ்சியிருந்தது ஒன்றே: நான் மனமுவந்து கொடுக்கிறேன் என்னும் ஒப்புதல் எனது குடிமை எண்ணின்கீழ்ப் பதிவாதல் வேண்டும். இறந்தவர் ஒப்புதல் அளிக்க இயலாது. இறந்தவரிடமிருந்து உறுப்பு எடுப்பதற்கும் விதி உண்டாம். ஆனால் அவ்விதிப்படி என் உடலை என் உறவினர் ஒப்படைக்க வேண்டும் என்று மருத்துவ அலுவலர் கூறினார். அவர் சிரிக்கவில்லை. ஆதலின் நானும் சிரிக்கவில்லை.

செய்தியைக் கேட்ட தம்பி, இயந்திரத்தோடு பிணைக்கப்பட்ட கையை அசைக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நின்னுபோன கடிகாரத்தை ஓடவெச்சிருக்கேன் அக்கா. ஓடுற கடிகாரத்தை நின்னுபோச்சுன்னு எழுதிவெச்சவனை இப்பதான் பாக்குறேன்," என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போர்வைக்கு வெளியே தெரிந்த அவன் கால்கள் வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இன்னும் ஓரிரு திங்கள்தான் அவன் இதயம் அறுவையைத் தாங்கும் என்றும், அதன் பிறகு சிறுநீரகம் கிடைத்தும் பயனில்லை என்றும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துக் கூறியிருந்தார்.

மறுநாள் காலை பிறப்பு இறப்புப் பதிவகத்தின் சாளரத்தின் முன் நின்றேன். உள்ளே இருந்த எழுத்தர் நல்லவர்; நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே என்னுடன் உரையாடினார். இறப்புப் பதிவைத் திருத்தக் கோரும் மனுவை இறந்தவரின் வாரிசுதாரர் மட்டுமே அளிக்கலாம் என்றார். இறந்தவரே நேரில் வந்திருக்கும்போதுமா என்று கேட்டேன். விதியில் அதற்கு இடம் விடவில்லையென்று உண்மையான வருத்தத்துடன் கூறி, நீதிமன்ற ஆணை ஒன்றே வழி என்று இலவசச் சட்ட உதவி மையத்தின் முகவரியைச் சொல்லி அனுப்பினார்.

மையம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே புதிய ரப்பரின் நாற்றம் தொண்டையைப் பற்றிக்கொண்டது. வக்கீலம்மா என்று எல்லோரும் அழைத்த அப்பெண்மணிக்கு அன்று கடும் சளி. கைக்குட்டையும் கையுமாக இருந்தார். நான் அமர்ந்ததும் அவர் என் பெயரைக் கேட்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

"உங்களுக்குப் பதிலா யாராவது செத்தாங்களா, இல்ல யாருமே சாகலையா?"

அவர் விளக்கினார். உயிருடன் இருப்பவரை இறந்தவராகப் பதிவு செய்யும் பிழையில் இரு வகை உண்டு. ஒன்று, எழுத்தரின் விரல் அடுத்த வரியில் பட்டுவிடுவது. என்னருகே விசிப்பலகையில் அமர்ந்திருந்த பேருந்து ஓட்டுநர் அவ்வகையினர். அடுத்த வரியில் இருந்தவரின் இறப்பு தனியே சரியாகவே பதிவாகியிருந்தது. ஓட்டுநரும் அதை ஆமோதித்து, மரணம் தம்மை உரசிக்கொண்டு போய்விட்டது, ஒரு கீறல்கூட இல்லை என்றார். மற்றொரு வகையில், மெய்யாகவே ஒருவர் இறந்திருப்பார். பெயர் மட்டும் மாறியிருக்கும்.

வக்கீலம்மா என் எண்ணைக் கொண்டு பதிவை வருவித்துப் படித்தார். மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"உங்க கேஸ்ல ஒரு உடம்பு இருக்கு," என்றார்.

நான் அதுவரை இதனை ஒரு பிழை என்றே எண்ணியிருந்தேன். ரப்பரால் அழித்தால் போய்விடும் பிழை. அவர் பதிவைப் படித்துக் காட்டினார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துத் தெருவில் விழுந்த ஒரு பெண், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இறந்திருக்கிறாள். அவள் அணிந்திருந்த உடையில் என் பணி அடையாள அட்டை இருந்திருக்கிறது. என் பழைய வாடகை அறையின் முகவரிக்கு அறிவிப்பு சென்று திரும்பியிருக்கிறது. உரிமை கோர எவரும் வராமையால் நகராட்சி அவளை அடக்கம் செய்திருக்கிறது. எவளோ ஒருத்தி என் பெயரைப் போர்த்துக்கொண்டு மண்ணுக்குள் படுத்திருக்கிறாள். நான் இங்கே நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன்.

"பயப்படாதீங்க. உங்களை உயிரோட கொண்டுவர்றது கஷ்டமில்ல. அவங்க யாருன்னு சொல்லாம கொண்டுவர்றதுதான் கஷ்டம்," என்றார் வக்கீலம்மா. இறந்தவர் எவர் என்பது தெரியாவிடின் நீதிமன்றம் விசாரணைக்கு அனுப்பும். விசாரணை மாதக்கணக்கில் நடக்கும். தம்பிக்கு மாதங்கள் இல்லை.

பணி அட்டை எவ்வாறு மற்றொருத்தியிடம் சென்றது என்று அவர் கேட்டார். அதற்கு நான் சலவைக்கூடத்தைப் பற்றிக் கூற வேண்டியதாயிற்று.

மருத்துவமனைகளின் விரிப்புகளையும் உறைகளையும் வெளுத்துத் தரும் பெரிய சலவைக்கூடம் அது. அதன் தேய்ப்புப் பிரிவில் நாங்கள் ஐவர். நீராவி இயந்திரத்தின் மேற்பலகையை வலக்கையால் இழுத்து மூடுவோம். துணியின் சுருக்கத்தை நீவிவிடும் இடக்கையை, பலகை வந்து அமர்வதற்கு ஒரு நொடி முன்னர் வெளியே எடுப்போம். அந்த நொடி தப்பினால் முன்கையில் ஒரு கோடு விழும். புதிதாக வந்தவளுக்கு ஒரு கோடு, பழகியவளுக்கு ஏணிப்படிகள். துணிகளில் மருத்துவமனைகளின் பெயர்கள் தைக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே, தலையில் நரை கண்ட பிறகு, நான் படிக்கக் கற்றேன். ஆதலின் மற்ற நால்வரும் என்னைப் பண்டிதம்மா என்று அழைத்தனர்.

எங்கள் அனைவருக்கும் நீல நிற மேலங்கி உண்டு. மார்பில் பெயர் நூலால் தைக்கப்பட்டிருக்கும். முன்பொருமுறை எவருடைய அட்டையோ சலவை உருளைக்குள் விழுந்து ஒரு மூட்டை விரிப்பைக் கிழித்துவிட்டதனால், அடையாள அட்டையை மேலங்கியின் உட்புறத்தில் பை வைத்துத் தைத்துவிடும்படி மேற்பார்வையாளர் ஆணையிட்டிருந்தார். மேலங்கியோடு அட்டையும் வெளுக்கப்படும். நாளடைவில் அதிலிருந்த குடிமை எண் மட்டும் நிலைத்தது. புகைப்படத்தில் இருந்த எங்கள் முகங்கள் எல்லாம் அவித்த முட்டை போலாயின.

கூடத்தை மூடிய கடைசி நாளில், நினைவுக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்று ரேடியோ சொன்னாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அப்பெயர். கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. எனவே ஐந்து மேலங்கிகளையும் மடிப்பு மேசையின்மேல் குவித்து, கண்களை மூடிக்கொண்டு ஆளுக்கொன்றை எடுத்தோம். எவர் எதை எடுத்தார் என்பதை வீட்டுக்குச் சென்ற பிறகே பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. எடுத்ததை அப்படியே உட்புறம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கிடைத்தது எங்களுள் மூத்தவரான பெரியம்மாவினுடையது. மறுநாளே நான் அறையைக் காலி செய்துவிட்டு, தம்பி வாழும் ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டேன்.

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். "அட்டையைத் தெச்ச துணியைப் போய் மாத்திக்கிட்டீங்களா?"

கூடமே மூடியாயிற்று, அட்டையால் இனி என்ன பயன் என்று நினைத்தோம் என்றேன். அதை நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. எங்களுக்கு அது மேலங்கி. அட்டை என்பது அதன் பொத்தானைப் போன்றது.

நான் நானே என்பதை விரல்ரேகையால் மெய்ப்பிக்கலாம் என்று வக்கீலம்மா முதலில் முயன்றார். ரேகைக் கருவியின் கண்ணாடியில் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தேன். கருவி ஒவ்வொரு முறையும் மறுத்தது. நீராவியும் சலவைக் காரமும் எங்கள் விரல் நுனிகளை என்றோ வழவழப்பாக்கிவிட்டிருந்தன. உறவினர் சாட்சியம் செல்லாது; தம்பி பயன்பெறுபவன். ஆகவே உடன் பணிபுரிந்தவர்கள் வந்து என்னை அடையாளம் காட்ட வேண்டும். எடுத்துச் சென்ற மேலங்கிகளையும் கொண்டுவர வேண்டும்.

பழைய ஊருக்குச் சென்று ரேடியோவைத் தேடிப் பிடித்தேன். ஒரு பள்ளி வாகனத்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். நான் இறந்துவிட்டதைக் கேட்டதும், சொல்லவே இல்லையே என்று கோபித்தாள். கிழிசல் தைப்பதில் வல்லவளான ஊசி, தையற்கடை ஒன்றில் இருந்தாள். அவள் அதிகம் பேசாதவள், வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். பெரியம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. தம்மிடமிருந்த மேலங்கியை ரேடியோவிடம் கொடுத்தனுப்பினார்.

எஞ்சியவர் இடக்கை அக்கா.

ஐவருள் அவர் ஒருவரே இடக்கைப் பழக்கம் உடையவர். இயந்திரத்தில் எனக்கு எதிரே நிற்பார். பணிக்குச் சேர்ந்த நாளில் என் கையை நொடி தவறாமல் வெளியே தள்ளிவிட்டவர் அவரே. பிரியும்போது, ஊருக்குப் போனதும் பேசு, நானும் பேசுகிறேன் என்றார். நான் பலமுறை அழைத்தேன். தொலைபேசி அணைந்தே கிடந்தது. அவராக ஒருநாளும் அழைக்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. வேலை போனால் மனிதரும் போய்விடுவாரா என்று தம்பியிடம் பலமுறை பொருமியிருக்கிறேன். இருந்தும், சாட்சி தேவையென்பதால் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் அவருடைய மகள். பள்ளிச் சீருடையில் நான் பார்த்த சிறுமி இப்போது மருந்துக்கடைப் பணியாளரின் வெள்ளைச் சட்டையில் நின்றாள். அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவங்க இங்க இல்லீங்க," என்றாள். அம்மா என்று சொல்லவில்லை, அவங்க என்றாள். "உங்க லாண்டரி மூடின அன்னைக்கே போயிட்டாங்க. யார்கூடன்னு எங்கப்பாவைத்தான் கேக்கணும். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

கணவரோடு அக்காவுக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவேன். ஆயினும் பெற்ற மகளை விட்டுவிட்டு ஓடிப்போகக் கூடியவர் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. எனக்கு முள்ளாய் இருந்தது அவளுக்கு முழு மரமாய் இருந்திருக்கிறது. எதற்கு வந்தேன் என்று அவள் கேட்டபோது, வழக்கைப் பற்றிச் சுருக்கமாகக் கூறி, தேய்ப்புப் பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள் என்றேன். எல்லாருமா என்று கேட்டாள். முடிந்தவர்கள் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணை நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் மேலங்கிகளை அணிந்துகொள்ளச் சொன்னார் வக்கீலம்மா. கையில் வைத்திருந்தால் துணி, உடலில் இருந்தால் சாட்சி என்றார். ஊசியின் மார்பில் ரேடியோவின் பெயர். ரேடியோவின் மார்பில் இடக்கை அக்காவின் பெயர். என் மார்பில் பெரியம்மாவின் பெயர். பெரியம்மா கொடுத்தனுப்பியதில் ஊசியின் பெயர். ரேடியோ தன் வலக்கைச் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்கா இந்த ஒரு கையை மட்டும் ஒட்டுப்போட்டு நீளமாக்கி வைத்திருக்கிறார் பார் என்றாள்.

வக்கீலம்மா ஒவ்வொருவர் மார்பாகப் படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உங்க கோட்டு மட்டும் இல்ல. அஞ்சாவது ஆள் எங்க?"

"ஓடிப் போயிட்டாங்களாம்."

"யாரு சொன்னது?"

"அவங்க வீட்டுக்காரர்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். மூக்கைத் துடைக்காமலே மீண்டும் மடித்து வைத்தார். அதற்குள் எங்கள் வழக்கின் எண் அழைக்கப்பட்டது.

நீதிபதி நரைத்த தலையர். எதையும் இருமுறை கேட்பவர். எங்கள் மார்பிலிருந்த பெயர்களையும் எங்கள் வாயிலிருந்து வந்த பெயர்களையும் ஒப்பிட முயன்று, எழுத்தர் இருமுறை அடித்துத் திருத்தினார். கண்ணை மூடிக்கொண்டா எடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் என்று ரேடியோ கூறி, அதை நடித்தும் காட்டினாள். நீதிபதியின் உதடு சற்றே வளைந்தது. அப்போது திரும்பிப் பார்த்தேன். பின் வரிசையில், வெள்ளைச் சட்டையோடு, அக்காவின் மகள் அமர்ந்திருந்தாள். அவள் கண்கள் எங்களை ஒவ்வொருவராகத் தடவிவிட்டுக் கதவைப் பார்த்தன. எல்லாரும் வருகிறார்கள் என்று நான் சொன்னேன் அல்லவா? அதை நம்பி வந்திருந்தாள்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். மேலங்கிக் கதை சுவையானது என்றார். ஆனால் விரல்ரேகை பொருந்தவில்லை, அட்டையில் முகமில்லை, வந்தவர்கள் மனுதாரரின் தோழிகள். இறந்த ஒருத்தியின் எண்ணைக் கைக்கொண்டு, உறுப்பு வணிகத்துக்காக வேறொருத்தி உயிர்பெற்று வருவது அரிதன்று என்றார். நான் உடலை விற்க வந்த ஆள்மாறாட்டக்காரியாம். ஊசி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தம் சாட்சியாகப் பிணவறை ஊழியரை அழைத்தார். பருத்த உடலும் மெல்லிய குரலும் கொண்ட அம்மனிதர், அந்த உடலைத் தாம்தான் கழுவியதாகவும் நன்கு நினைவிருப்பதாகவும் கூறினார். எத்தனையோ உடல்களில் இது எப்படி நினைவிருக்கிறது என்று கேட்கப்பட்டபோது, முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏணிபோல இருந்தன, அதனால் என்றார்.

அரசு வழக்கறிஞர் மகிழ்ந்தார். அட்டைக்குரியவள் தேய்ப்புத் தொழிலாளி. உடலிலும் தேய்ப்புத் தழும்பு. ஆக, இறந்தவள் அவளே என்றார். வக்கீலம்மா என்னைக் கை நீட்டச் சொன்னார். சட்டையை மேலேற்றி இடக்கையை நீட்டினேன். ஊசியும் ரேடியோவும் கேளாமலே தங்கள் இடக்கைகளை நீட்டினர். மூன்று ஏணிகளையும் நீதிபதி பார்த்தார்.

வக்கீலம்மா பிணவறை ஊழியரின் அருகே சென்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. விடையை விரும்பாதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு எந்தக் கையில இருந்துச்சு?"

ஊழியர் சாட்சிக்கூண்டுக்குள்ளேயே திரும்பி நின்றார். முன்னே ஒரு மேசையும் அதன்மேல் ஓர் உடலும் இருப்பதாகக் கொண்டு, தலை எந்தப் பக்கம், குழாய் எந்தப் பக்கம் என்று கைகளால் குறித்துக்கொண்டார். பின்னர் இல்லாத ஒரு கையை மிகுந்த மரியாதையுடன் தூக்கினார்.

"வலது கைங்க," என்றார்.

ரேடியோ பேசவில்லை. அவள் பேசாதிருந்து நான் பார்த்தது அன்றுதான். ஊசியின் விரல்கள் என் முழங்கையிலிருந்து நழுவின. வலக்கையால் நீவி இடக்கையால் மூடுபவர் எங்களுள் ஒருவரே. என் எதிரே நின்று, தன் வலக்கைத் தழும்புகளை மறைக்க ஒரு சட்டைக் கையை மட்டும் நீளமாக்கிக்கொண்டவர். என்னை அழைக்காதவர். என் அழைப்பை எடுக்காதவர். நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவர், நான் திட்டத் தொடங்குமுன்பே, என் மேலங்கியோடு அந்த மேசையில் கிடந்திருக்கிறார்.

அந்தத் தழும்பு யாருடையது என்று தெரியுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். தம் வழக்கப்படி மறுமுறையும் கேட்டார்.

தெரியாது என்றால் வழக்கு விசாரணைக்குப் போகும். தம்பியின் வீங்கிய கால்கள் என் கண்முன் நின்றன. தெரியும் என்றால் என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். மற்ற இருவருக்கும் அவளை அடையாளம் தெரியாது. அங்கே அவளை அறிந்தவள் நான் ஒருத்தியே. திரும்பிப் பார்த்தேன். அவள் தன் வலது முன்கையை இடக்கையால் இறுகப் பற்றியிருந்தாள். சிறு வயதிலிருந்து அம்மாவின் கையிலிருந்த அந்த ஏணியில் விரல் வைத்து ஏறி விளையாடியவள் அவள். நான் சொல்ல அவளுக்கு ஏதும் மிச்சமில்லை. எனினும், நான் சொல்லும்வரை அது உறுதியாகாது என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். பட்டப்பெயரை அல்ல, ரேடியோவின் மார்பில் தைத்திருந்த முழுப் பெயரை. எழுத்தர் அதனை எழுதும் ஒலி கேட்டது.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. பெயர் மாறிய வழி விளங்கிவிட்டது, மனுதாரர் உயிருடன் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டது, பதிவைத் திருத்துக என்று நீதிபதி ஆணையிட்டார். அரசு வழக்கறிஞர் எதிர்ப்பில்லை என்றார். இறந்தவரின் குடும்பத்தார் எவரேனும் உளரா என்று நீதிபதி கேட்டார். பின் வரிசையில் நாற்காலி ஒன்று உராய்ந்தது.

தாழ்வாரத்தில் அக்காவின் மகள் அழவில்லை. பிணவறை ஊழியர் ஓரமாக நழுவ முயன்றபோது அவர் வழியை மறித்து நின்று, எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில், பேருந்திலிருந்து இறங்கும் போதே, அன்று மாலை விளக்கேற்றும் நேரம் என்று கொண்டுவந்தவர்கள் கூறியதாக அவர் சொன்னார்.

"அது எங்க ஸ்டாப்," என்றாள் அவள். சற்றுக் கழித்து, எவரிடமும் அல்லாமல், "அப்ப அம்மா வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாங்க," என்றாள்.

முதன்முறையாக அம்மா என்றாள்.

அம்மா காணாமற்போன மறுநாளே அந்த அரசு மருத்துவமனைக்கு அவள் சென்றிருக்கிறாள். முகப்பில் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெயரில் எவரும் வரவில்லை என்று கூறியிருக்கிறார்கள். கூறியவர்கள் பொய் சொல்லவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டு சுவர்களுக்கு அப்பால் அவள் அம்மா என் பெயரில் படுத்திருந்தார். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, சுவரில் கைவைத்து, அதன் தடிமனை அளப்பவள்போல நின்றாள். ஊழியர் தலை குனிந்தவாறு தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. தம்பி. எடுத்தேன்.

"என்னக்கா, உயிர் வந்துடுச்சா?"

வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவன் அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அவள் எனக்குக் கையெட்டும் தொலைவில் நின்றாள். "ஆணை கெடச்சுடுச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்," என்று மெதுவாகச் சொன்னேன். ஏதோ கருவியின் ஒலியும் அவன் மனைவி மகிழ்ச்சியில் உரக்க அழும் ஒலியும் கேட்டன. துண்டித்தேன்.

வக்கீலம்மா விசிப்பலகையில் அமர்ந்து, அம்மகளையும் பக்கத்தில் அமர்த்தினார். அம்மாவின் பெயரில் இனி ஒரு பதிவு செய்ய வேண்டும், அதற்கு மகள் மனுக் கொடுக்க வேண்டும், அடக்கம் செய்த இடத்தையும் கண்டறியலாம் என்று தாழ்ந்த குரலில் விளக்கினார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமா என்று அவள் கேட்டாள். நீயே சொல்லலாம், நான் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றார். "நானே சொல்றேன்," என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டபோது, அவள் தந்தையின் இடத்தில் நான் இல்லாதது நல்லது என்று தோன்றிற்று.

ரேடியோ அதுவரை தூணோரம் நின்றிருந்தாள். இப்போது தன் மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினாள். உதறினாள். தேய்ப்புக்காரி அல்லவா, பழக்கத்தால் ஒருமுறை கையால் நீவினாள். அதை அம்மகளின் தோள்களில் போர்த்திவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஊசி அவளைப் பின்தொடர்ந்தாள்.

அம்மகள் கைகளை நுழைத்துப் போட்டுக்கொண்டாள். இடப்பக்கச் சட்டைக் கை மணிக்கட்டோடு நின்றது. வலப்பக்கம் விரல்வரை வந்து மூடிற்று. அந்த ஒட்டுத் துணியின் தையலை அவள் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வதென்று அறியாமல் அவளருகே அமர்ந்தேன். என் மார்பில் இன்னும் பெரியம்மாவின் பெயர் இருந்தது.

"நீங்க அவங்க மேல கோவமா இருந்தீங்களா அத்தை?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஆமா."

"நானும்," என்றாள்.